ரவுட்டரிலிருந்து பிங் போகிறது, கம்ப்யூட்டரிலிருந்து போகவில்லை: பேட் போட்டதில் எங்கே தப்பு?

கேட்டவர், 14 ஜூலை 2022, இரவு 9.40

திருப்பூர், அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. 38 கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், கேமராவுக்கு ஒரு டிவிஆர். புதிதாக லீஸ்டு லைன் (கம்பெனிக்கென்று தனி இணைய லைன்) போட்டிருக்கிறார்கள், நிலையான ஐபி ஒன்றே ஒன்றுதான். ரவுட்டர் காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிஸ்கோ 1841. எஃப்ஏ 0/0 (ஃபாஸ்ட்ஈதர்நெட், கேபிள் சொருகும் வாய்) உள்பக்கம், 192.168.10.1. எஃப்ஏ 0/1 வெளிப்பக்கம். எல்லாக் கம்ப்யூட்டரும் அந்த ஒரே ஐபியில் வெளியே போகப் பேட் (PAT, அனுப்புநர் முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு) போட்டாகிவிட்டது, கட்டளையின் கடைசியில் ஓவர்லோட் என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். ரவுட்டரில் உட்கார்ந்து, வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8-க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் ஐந்துக்கு ஐந்து வருகிறது. கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. லைன் கொடுத்தவர்களைக் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க" என்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும். இன்னொரு சந்தேகம்: பேட் இருந்தால் ஃபயர்வால் தனியாக வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பதில் சொல்பவர், 14 ஜூலை 2022, இரவு 10.15

ரவுட்டரில் உட்கார்ந்து அடித்த பிங்கை வைத்துப் பேட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பிங் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியையே அனுப்புநராகப் போட்டுக்கொண்டு கிளம்புகிறது. மாற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, பேட் அதைத் தொடவும் இல்லை. லைன் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. லைன்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பிங் கட்டளையின் கடைசியில் சோர்ஸ் என்று சேர்த்து 192.168.10.1 கொடுத்து அடித்துப் பாருங்கள். அது தோற்றுப்போகும் என்று நினைக்கிறேன். தோற்றதும் ஷோ ஐபி நாட் டிரான்ஸ்லேஷன்ஸ் கொடுங்கள், எந்த முகவரி எதுவாக மாறியது என்ற அட்டவணை வரும். அட்டவணை காலியாக இருந்தால் பாக்கெட்டுகள் பெயர் மாறாமல் 192.168.10 முகவரியோடேயே வெளியே போகின்றன என்று அர்த்தம். "மாரியம்மன் கோயில் வீதி" என்று மட்டும் எழுதி ஊர்ப் பெயர் இல்லாமல் தபாலில் போட்ட கதைதான். எந்த ஊரில்தான் மாரியம்மன் கோயில் வீதி இல்லை? லைன்காரரின் பெட்டி அதைக் கீழே போட்டுவிடும்.

என் ஊகம்: இன்சைட், அவுட்சைட் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பத்தில் ஏழு இடத்தில் அதுதான் நடக்கிறது.

14 ஜூலை 2022, இரவு 10.22

கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேனே என்று அப்படியே அடித்துவிடாதீர்கள். 1841-க்குத் தமிழ் தெரியாது.

15 ஜூலை 2022, காலை 6.50

டீ ஆறுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். பேட் என்றால் என்ன என்று புதுப் பையன்களுக்குச் சொல்லும்போது முன்பெல்லாம் செருப்பு டோக்கன் கதை சொல்வேன். கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்தால் ஒரு எண், திரும்பி வந்து எண்ணைக் காட்டினால் அதே செருப்பு. பையன்கள் தலையாட்டுவார்கள், கான்ஃபிக் (ரவுட்டருக்கான கட்டளைகள்) போடும்போது மறுபடியும் தப்புப் போடுவார்கள். டோக்கன் கதையில் பெயர் மாற்றம் கிடையாது, அதுதான் குறை.

நம் ஊருக்கு டிசி (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) நோட்டுதான் சரியான கணக்கு. ஒரே கம்பெனிக்குள் மூன்று செக்‌ஷனிலிருந்து கட் பீஸ் பிரிண்டிங்குக்குப் போகிறது. ஒவ்வொரு செக்‌ஷனும் தன் துண்டுச் சீட்டில் ஒரு எண் போட்டுக் கேட்டுக்கு அனுப்புகிறது. கேட்டில் இருக்கிற ஆள் அந்தச் சீட்டை எடுத்துவிட்டுக் கம்பெனிப் பெயரில் ஒரு டிசி போடுகிறார். பிரிண்டிங்காரருக்குக் கம்பெனிப் பெயரும் டிசி எண்ணும் மட்டும்தான் தெரியும். அனுப்பியது மூன்றாவது செக்‌ஷனா, முதல் செக்‌ஷனா என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பீஸ் திரும்பி வரும்போது கேட் ஆள் நோட்டைப் புரட்டி, இந்த எண் யாருடையது என்று பார்த்து உள்ளே அனுப்புகிறார். கம்பெனிப் பெயர் உங்கள் ஒற்றைப் பொது முகவரி. டிசி எண் போர்ட், அதாவது ஒவ்வொரு இணைப்புக்கும் பாக்கெட்டில் போடும் எண். நோட்டு அந்த அட்டவணை.

இரண்டு செக்‌ஷனும் ஏழாம் எண் சீட்டே கொண்டுவந்தால்? முதலில் வந்தவருக்கு ஏழு அப்படியே போகும், அடுத்தவருக்குக் கேட் ஆள் வேறு எண் போட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். சிஸ்கோவும் இதைத்தான் செய்கிறது. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த போர்ட் எண்ணை முடிந்தவரை மாற்றாது, அந்த எண்ணில் ஏற்கெனவே ஆள் இருந்தால்தான் மாற்றும்.

போர்ட் எண் 16 பிட். ஆக ஒரு பொது முகவரியில் கிட்டத்தட்ட 65,000 பேர் வரை போகலாம். 38 கம்ப்யூட்டருக்குக் கவலையே வேண்டாம்.

பெயர்க் குழப்பம் வேறு. பேட் என்பது சிஸ்கோ வீட்டுப் பெயர். 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3022 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இதுவே என்ஏபிடி. லினக்ஸ்காரருக்கு மாஸ்கரேட். வீட்டு மோடத்தின் பெட்டியில் வெறும் நாட் (NAT, முகவரி மாற்றம்). வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

15 ஜூலை 2022, பகல் 1.30

நேற்று என் ஊகம் தப்பு. கேட்டவர் கான்ஃபிக் முழுவதையும் அனுப்பிவிட்டார். எஃப்ஏ 0/0-இல் ஐபி நாட் இன்சைட், 0/1-இல் ஐபி நாட் அவுட்சைட், சரியாகவே இருக்கின்றன. டிஃபால்ட் ரூட், அதாவது வெளியே போகும் வழி, இருக்கிறது. ஐபி நாட் இன்சைட் சோர்ஸ் லிஸ்ட் 1 இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 ஓவர்லோட், அதுவும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது.

தப்பு லிஸ்ட் 1-இல்தான், எந்தெந்த முகவரிக்குப் பெயர் மாற்றலாம் என்று சொல்லும் லிஸ்ட் அது. அவர் அடித்தது: பெர்மிட் 192.168.10.0, அப்புறம் 255.255.255.0. ரவுட்டர் சேமித்து வைத்திருப்பது: பெர்மிட் 0.0.0.0, 255.255.255.0. இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடித்தது ஒன்று, பதிந்தது வேறொன்று. இதைப் பார்த்த உடனேயே பொறி தட்டியிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் சப்நெட் மாஸ்க் போடக் கூடாது, அதைத் தலைகீழாக்கிய வைல்டுகார்டு மாஸ்க் போட வேண்டும். வைல்டுகார்டில் 0 என்றால் "இந்த எண் அப்படியே பொருந்தணும்", 255 என்றால் "எதுவாக இருந்தாலும் பரவாயில்லை". இவர் போட்டதை ரவுட்டர் எப்படிப் படித்தது என்றால், முதல் மூன்று எண்கள் எதுவானாலும் சரி, கடைசி எண் மட்டும் 0 ஆக இருக்கணும். கடைசி எண் 0 உள்ள கம்ப்யூட்டர் உங்கள் கம்பெனியில் ஏது? ஆகவே 38-இல் ஒன்றுகூடப் பொருந்தவில்லை, ஒன்றின் பெயரும் மாறவில்லை. பிழைச் செய்தி ஒன்றும் வராது. ரவுட்டரைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டது.

பழைய லிஸ்ட்டை எடுத்துவிட்டு, பெர்மிட் 192.168.10.0, 0.0.0.255.

15 ஜூலை 2022, பகல் 2.05

ஓடிவிட்டதாம். சம்பளத்துக்கு ஆபத்தில்லை.

15 ஜூலை 2022, இரவு 8.30

"பத்தில் ஏழு" என்று எழுதியதற்கு இரண்டு பேர் கணக்குக் கேட்கிறார்கள். கணக்கெல்லாம் இல்லை, வாய்க்கு வந்தது. யோசித்துப் பார்த்தால் நானே அதிகமாகப் போட்ட தப்பு இந்த வைல்டுகார்டுதான். ஆரம்பத்தில் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பகல் முழுக்க இதே வரியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி இரண்டு முறை டீ சொன்னார், மூன்றாவது முறை சொல்லவில்லை. அதிலிருந்து அடித்த கட்டளையைத் திரும்பப் படிப்பதை விட்டுவிட்டேன். ரவுட்டர் பதிந்து வைத்திருப்பதைத்தான் படிக்கிறேன், அதையும் படித்த பிறகு அட்டவணையைப் பார்க்கிறேன். கான்ஃபிக் என்பது நீங்கள் சொன்னது, அட்டவணைதான் அது செய்தது.

கேட்டவர் சொன்ன இன்னொரு சங்கதியையும் போட்டே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் முதலாளியிடம் "அண்ணா, பேட்ல ஓவர்லோட் எல்லாம் சரியா இருந்துச்சுங்க, லிஸ்ட்லதான் சின்னத் தப்பு" என்றிருக்கிறார். முதலாளி: "ஏனுங் தம்பி, ஓவர்லாக்கும் இருக்குது, பேட்லாக்கும் இருக்குதுங்கிறீங்க. ஒரு சிங்கரையும் போட்டுட்டா பீஸே ஓட்டிரலாமுங்களே?"

வெளியூர்க்காரர்களுக்கு: ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்றும் பனியன் கம்பெனியில் ஓடுகிற தையல் மெஷின்கள்.

16 ஜூலை 2022, இரவு 11.00

ஃபயர்வால் கேள்வியை மறக்கவில்லை. பதில்: உண்மையில்லை. ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

நோட்டில் எண் இல்லாமல் வெளியே இருந்து ஒரு வண்டி வந்தால் கேட் ஆளுக்கு யாரிடம் அனுப்புவது என்று தெரியாது, திருப்பிவிடுவார். அதனால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் மறைந்திருப்பதுபோல ஆகிறது. ஆனால் அவர் திருப்பிவிடுவது விலாசம் புரியாததால்தான், காவல் காக்க அவரை யாரும் நிறுத்தவில்லை.

முதலில், வருகிற பாக்கெட்டின் விலாசம் ரவுட்டரின் சொந்த முகவரி. ரவுட்டரில் டெல்நெட் (தூரத்திலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழி) திறந்திருந்தால் அது பதில் சொல்லும். பல்லடம் பக்கம் ஒரு தறிக்காரர் ஆபீஸில் புது லைனைச் சொருகிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் யார் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இலை போட்டுச் சாப்பிட்ட நேரம்தான். அப்படி நுழைவதற்கான விடிஒய் வரிகளில் ஆக்சஸ்-கிளாஸ் போட்டு உள்பக்க முகவரிகளுக்கு மட்டும் விடுங்கள். டெல்நெட்டை மூடிவிட்டு, பேச்சை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் போடுங்கள். தேவையில்லை என்றால் எச்டிடிபி சர்வரை நிறுத்துங்கள்.

அப்புறம், உங்களுக்கும் லைன்காரருக்கும் நடுவே இருக்கிற கம்பியில் உட்கார்ந்திருப்பவர் நேரடியாக 192.168.10.25 என்று விலாசம் போட்டு ஒரு பாக்கெட்டை உங்கள் வெளிப்பக்கத்தில் தள்ளினால், வெறும் பேட் மட்டும் உள்ள ரவுட்டர் அதைத் தடுக்காது. அதற்கு உள்ளே போக வழி தெரியும், அனுப்பிவிடும். தூர தேசத்திலிருந்து இதைச் செய்ய முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் செய்யலாம். ஆகவே வெளிப்பக்கத்தில் உள்ளே வரும் திசைக்கு ஒரு ஆக்சஸ் லிஸ்ட் வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் உள்ளே ஒருவர் மெயிலில் வந்த "பேமென்ட் டீடெய்ல்ஸ்" கோப்பைத் திறந்துவிட்டால் அந்த வைரஸ் உள்ளே இருந்து வெளியே பேசும். பேட் அதற்கும் மரியாதையாக ஒரு டிசி போட்டு அனுப்பிவைக்கும்.

18 ஜூலை 2022, காலை 7.10

"65,000 பேர் வரை போகலாம்" என்று எழுதியிருந்தேன், அதைத் திருத்த வேண்டும். பேர் இல்லை, இணைப்புகள். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே பிரவுசர் பத்து இருபது இணைப்பு போடும். 38 கம்ப்யூட்டரோடு எல்லோருடைய கைபேசியும் வைஃபையில் சேர்ந்தால் சில ஆயிரம் சாதாரணமாக வந்துவிடும்.

அந்த 65,000-மும் கல்லில் எழுதியதில்லை என்று கரூர்க்காரர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், சரிதான். டிசிபி, யுடிபி என்று பாக்கெட் அனுப்பும் முறைகள் இரண்டு: டிசிபிக்கு ஒரு கணக்கு, யுடிபிக்கு ஒரு கணக்கு. மேலும் லினக்ஸ் போன்றவை போய்ச்சேரும் இடத்தையும் சேர்த்துத்தான் ஒரு வரியை அடையாளம் காண்கின்றன. சேருமிடம் வேறானால் அதே வெளிப் போர்ட்டை இன்னொருவருக்கும் கொடுக்கலாம். டிசி எண் 7 பிரிண்டிங்காரரிடமும் இருக்கலாம், எம்பிராய்டரிக்காரரிடமும் இருக்கலாம், குழப்பம் வராது.

பிங்குக்குப் போர்ட்டே கிடையாதே, அது எப்படிப் போகிறது என்று ஒரு கேள்வி. பிங் போகும் ஐசிஎம்பி பாக்கெட்டுக்குள் அடையாள எண் ஒன்று இருக்கிறது, பேட் அதையே போர்ட் மாதிரி எடுத்துக்கொள்கிறது.

டிசி நோட்டுக் கதை இன்னொரு இடத்திலும் உதைக்கிறது. கம்பெனி நோட்டு வருஷக்கணக்கில் கிடக்கும், இந்த நோட்டில் கெடு முடிந்த வரியை அழித்துவிடுவார்கள். சிஸ்கோவில் யாரும் மாற்றாவிட்டால் டிசிபி வரிக்கு 24 மணி நேரம், யுடிபிக்கு 5 நிமிடம், தளப் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விக்கு 1 நிமிடம். இணைப்பு ஒழுங்காக முடிந்துவிட்டால் டிசிபி வரியும் ஒரு நிமிடத்தில் போய்விடும். முடியாமல் அந்தரத்தில் விட்டுப் போனவைதான் ஒரு நாள் முழுக்கக் கிடந்து இடத்தை அடைக்கின்றன. ஐபி ஃபோன் வைத்திருப்பவர்கள் "கொஞ்ச நேரம் சும்மா இருந்தா உள்ளே வர்ற கால் அடிக்கறதில்லீங்க" என்று சொல்வது இந்த யுடிபி கெடுவால்தான். ஃபோனில் கீப்-அலைவ் என்று ஒன்று இருக்கும், நிமிடத்துக்கொரு முறை வைத்துவிடுங்கள்.

18 ஜூலை 2022, இரவு 9.15

24 மணி நேரம் என்று எழுதியதும் ஒரு பழைய அவமானம் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். "நெட் ஸ்லோ, நெட் ஸ்லோ" என்று ஒரே அழைப்பு. போய் அட்டவணையைப் பார்த்தால் திரையில் நிற்காமல் ஓடுகிறது. எல்லாம் ஒரே உள்முகவரி, 192.168.1.77. மெர்ச்சண்டைசிங்கில் ஒரு பையன் டொரன்ட்டில் படம் இறக்கிக்கொண்டிருக்கிறான். அவன் கேபிளைப் பிடுங்கியாகிவிட்டது. ஆனால் பாதியில் விட்ட வரிகள் 24 மணி நேரம் இருக்குமே என்று நான் அவசரப்பட்டு கிளியர் ஐபி நாட் டிரான்ஸ்லேஷன், நட்சத்திரக்குறி. என்டர்.

நட்சத்திரக்குறி என்றால் எல்லாம். அவனுடைய வரிகளும் போயின, எல்லோருடைய வரிகளும் போயின. பில்லிங்கில் அந்த நேரத்தில் இ-வே பில் போட்டுக்கொண்டிருந்த அம்மிணி மறுபடியும் முதலிலிருந்து லாகின் பண்ண வேண்டியதாகிவிட்டது. ஓடிபி முதலாளியின் கைபேசிக்குப் போகும். முதலாளி கல்யாண வீட்டில், எடுக்கவில்லை. தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர் முக்கால் மணி நேரம் கேட்டில் நின்றது. டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அன்றிலிருந்து டிசிபி கெடுவை ஒரு மணி நேரமாக, அதாவது 3600 நொடியாகக் குறைத்து வைக்கிறேன். ஒரு உள்முகவரிக்கு இத்தனை வரிதான் என்று மேக்ஸ்-என்ட்ரீஸ் ஆல்-ஹோஸ்ட் போட்டு உச்சவரம்பும் வைக்கிறேன். ஒரு ஆளுக்கு 300 வைத்தால் வேலை பார்ப்பவருக்குக் குறையாது, படம் இறக்குபவருக்குப் போதாது. நட்சத்திரக்குறி ராத்திரி ஷிப்ட் முடிந்த பிறகுதான்.

பேட் வரியை மாற்றப் போனால் "டைனமிக் மேப்பிங் இன் யூஸ்" என்று ரவுட்டர் மறுப்பதும் இதே நோட்டால்தான். நோட்டில் ஆள் இருக்கும்வரை விதியை எடுக்க விடாது.

30 ஜூலை 2022, இரவு 10.40

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். முதலாளிக்கு வீட்டிலிருந்து கேமரா பார்க்க வேண்டுமாம். கட்டளை ஒரே வரி: ஐபி நாட் இன்சைட் சோர்ஸ் ஸ்டேடிக் டிசிபி, டிவிஆரின் உள்முகவரியும் போர்ட்டும், இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1, வெளிப் போர்ட். கேட் ஆளிடம் "இந்த எண்ணில் யார் வந்தாலும் கேமரா ரூமுக்கு அனுப்பு" என்று நிரந்தரமாக எழுதிக் கொடுப்பது.

வெளியே கைபேசி டேட்டாவில் படம் தெரிகிறது, கம்பெனி வைஃபையில் வந்ததும் தெரிவதில்லை, டிவிஆர் பழுது என்று முதலாளி சொல்கிறார் என்கிறார். பழுதில்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டு வெளி முகவரியைக் கூப்பிடுகிறீர்கள். இன்சைட், அவுட்சைட் என்று பிரித்த நாட் (NAT) முறையில் உள்ளிருந்து வந்த பாக்கெட் வெளி வாசலைத் தாண்டாமலே திரும்ப வேண்டியிருக்கிறது, பெயர் மாற்றம் நடப்பதில்லை. வைஃபையில் இருக்கும்போது ஆப்பில் உள்முகவரியைப் போட்ட இன்னொரு பதிவைத் திறக்கச் சொல்லுங்கள். அசிங்கமான தீர்வுதான், ஆனால் ஓடும்.

31 ஜூலை 2022, காலை 8.00

ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. கேமராவை இணையத்தில் திறந்துவிடச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. 2016-இல் மிராய் என்று ஒன்று வந்தது. தயாரித்தவர்கள் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத டிவிஆர், கேமரா, வீட்டு ரவுட்டர்களைத் தேடித் தேடிப் பிடித்துப் படை சேர்த்தது. அந்த அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் அதை ஏவியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே திறக்காமல் போயின. நானும் அதற்கு முன்னால் நாலைந்து இடத்தில் இப்படித் திறந்துவிட்டவன்தான், திரும்பப் போய் மூடினேன்.

நேற்று சொன்ன வரியை எடுத்துவிடுங்கள். முதலாளி கைபேசியில் விபிஎன் (கம்பெனி நெட்டுக்குள் மறைவாக நுழையும் பாதை) போட்டுக் கொடுங்கள். ஆரம்பத்தில் "இதென்ன தம்பி, ரெண்டு வேலை" என்பார். பழகிவிடும்.

3 ஆகஸ்ட் 2022, பகல் 3.20

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறையில் கூட்டம் தாங்கவில்லை, கார் வைக்க இடமில்லாமல் தூரத்தில் விட்டு நடந்தோம். மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெருந்துறை நண்பர் ஒருவர் கேட்டது: வீட்டு லைனில் போர்ட் ஃபார்வர்டிங் (கேமராவுக்குச் சொன்ன மாதிரி நிரந்தர வரி) போட்டால் வேலையே செய்யவில்லை. அவர் ரவுட்டரின் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது. தளத்தில் "என் ஐபி என்ன" என்று பார்த்தால் வேறு காட்டுகிறது. இரண்டும் வேறாக இருந்தால் உங்களுக்கு மேலே லைன்காரர் இன்னொரு பேட் வைத்திருக்கிறார். 100.64-இலிருந்து 100.127 வரை அதற்கென்றே 2012-இல் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கியது. உங்கள் கேட்டில் என்ன எழுதி வைத்தாலும் வண்டி முதலில் நிற்பது அவர் கேட்டில், அங்கே உங்கள் பேச்சு எடுபடாது. நிலையான ஐபிக்குப் பணம் கட்டுங்கள், அல்லது ஐபிவி6 (முகவரிப் பஞ்சம் இல்லாத புது முறை) கேளுங்கள்.

ஏன் இந்த நிலை? மொத்த ஐபிவி4 முகவரிகள் 429 கோடியே சொச்சம். 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பில் இருந்த கடைசித் துண்டுகளையும் பிரித்துக் கொடுத்து முடித்தார்கள். ஏப்ரல் நடுவில் நம் ஆசியப் பகுதிக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக் ரேஷன் முறைக்கு வந்துவிட்டது. எனக்கு அந்தத் தேதி ஞாபகம் இருப்பதற்குக் காரணம் வேறு. அதற்குச் சில நாள் முன்னால்தான், ஜனவரிக் கடைசியில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்திருந்தது. ஊரே அந்தப் பேச்சில் இருந்தது, ஐபி தீர்ந்த செய்தியைச் சொன்னால் யார் கேட்பார்கள்? சாயப்பட்டறைகள் அப்புறம் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் புழங்கும் முறைக்கு வந்தன. நாங்களும் ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பப் புழங்குகிறோம்.

1994-இல் நாட் (NAT) முறையை முதலில் எழுதிய ஆர்எஃப்சி 1631 தன்னைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் சொல்லிக்கொண்டது. 28 வருஷம் ஆகிறது. "மழைக்காலம் மட்டும்" என்று போட்ட தகரக் கொட்டகையில் இப்போது கீழ்வரிசையில் நாலு மெஷின், மேலே மாடி.

கூப்பிடுகிறார்கள். முளைப்பாரி விட வேண்டும்.

21 ஆகஸ்ட் 2022, இரவு 9.50

பெருந்துறை சிப்காட்டில் இருக்கிற யூனிட்டுக்கும் திருப்பூர் ஆபீஸுக்கும் நடுவே ஐபிசெக் டனல் (இணையம் வழியே இரண்டையும் இணைக்கும் மறைவான பாதை) போட்டவர் எழுதியது: டனல் மேலே வந்துவிட்டது, பச்சை விளக்கு, ஆனால் டாலி திறக்கவில்லை.

இதுவும் பேட்தான். உள்ளிருந்து வெளியே போகும் பாக்கெட்டுக்குச் சிஸ்கோ முதலில் பெயரை மாற்றுகிறது, அதற்கு அப்புறம்தான் இது டனலுக்கு உரியதா என்று பார்க்கிறது. அதற்குள் அனுப்புநர் 192.168.10-ஆக இல்லாமல் பொது முகவரியாகிவிட்டார். டனலுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. லிஸ்ட் 1-ஐ எடுத்துவிட்டு 110 என்று விரிவான லிஸ்ட் எழுதுங்கள். முதல் வரி டினை: 10-இலிருந்து 192.168.20-க்குப் போவதற்குப் பெயர் மாற்றம் வேண்டாம். இரண்டாவது வரி பெர்மிட்: 10-இலிருந்து மற்ற எங்கும். வரிசை மாறினால் டினை வரிக்கு வேலையே இல்லை.

வைல்டுகார்டு. 0.0.0.255. மறுபடியும் சொல்ல வைக்காதீர்கள்.

16 அக்டோபர் 2022, இரவு 11.30

தீபாவளி அவசரம், போனஸ் வாரம். கேட்டவரின் 1841-க்கு ஓய்வு. அதன் இரண்டு போர்ட்டும் 100 எம்பிக்கு மேல் போகாது, புது லைன் 200. மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கிவிட்டார், கூடவே ஸ்டாண்ட்பைக்கு ஒரு பிராட்பேண்ட். நானே போட்டுத் தருகிறேன் என்று போனேன்.

லீஸ்டு லைன் பத்து நிமிடத்தில் ஓடியது. ஸ்டாண்ட்பைக்கு மாற்றினால் ரவுட்டரிலிருந்து பிங் போகிறது, கம்ப்யூட்டரிலிருந்து போகவில்லை. கேட்டவர் என்னைப் பார்க்கிறார். நான் திரையைப் பார்க்கிறேன். ஒன்றரை மணி நேரம். லைன்காரரைக்கூடத் திட்டினேன், "எங்க பக்கம் சரியா இருக்குங்க" என்றார்.

மாஸ்கரேட் விதியில் அவுட்-இன்டர்ஃபேஸ் என்று ஈதர் 2 போட்டிருந்தேன். பிராட்பேண்ட் பிபிபிஓஇ-யில், அதாவது யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்துச் சேரும் முறையில், வருகிறது. கேபிள் சொருகியிருப்பது ஈதர் 2-இல்தான், ஆனால் பாக்கெட் வெளியே போகும் வாசல் பிபிபிஓஇ-அவுட்1 என்ற கற்பனை இன்டர்ஃபேஸ். விதி வேறு வாசலில் காவல் நிற்கிறது. கண்டுபிடித்தது நான் இல்லை. கேட்டவர்தான் மெதுவாக "ஏனுங்ண்ணா, அட்டவணையப் பாத்தீங்களா?" என்றார்.

அப்புறம் ஒரு சிறு திருத்தமும் செய்தோம். நிலையான ஐபி உள்ள லைனுக்கு மாஸ்கரேட் தேவையில்லை, எஸ்ஆர்சி-நாட் வைத்து முகவரியை நேராக எழுதிவிடலாம். அடிக்கடி முகவரி மாறுகிற லைனுக்குத்தான் மாஸ்கரேட். வெளி முகவரி மாறினால் பழைய வரிகளை அதுவே துடைத்துவிடும்.

2 ஏப்ரல் 2023, பகல் 12.15

இழையை மூடலாம் என்று பார்த்தால் கேட்டவரிடமிருந்து செய்தி. வருஷக் கணக்கு முடித்து மெஷின் எண்ணியிருக்கிறார்கள். புத்தகத்தில் ஓவர்லாக் 41, ஃப்ளோரில் 40. ஒன்றைக் காணோம். சூப்பர்வைசரைக் கேட்டு, வாட்ச்மேனைக் கேட்டு, பழைய கேமரா பதிவெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பில்லை எடுத்தால், போன ஜூலையில் 1841 வாங்கிய செலவுக்கும் பேட் போட்ட கூலிக்கும் சேர்த்து அவர் கொடுத்த சீட்டில் "ரவுட்டர், ஓவர்லோட் செட்டிங்" என்று இருந்ததைக் கணக்குப்பிள்ளை "ஓவர்லாக் 1, செட்டிங் உட்பட" என்று ஏற்றிவிட்டாராம்.

பழைய 1841 இப்போது ஸ்டோர் ரூமில், நூல் கோன் அட்டைப்பெட்டிக்கு மேல். மார்க்கரில் 41 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். போட்டோ அனுப்பியிருக்கிறார்.